காதால் மட்டும் ஓட்டிய பஸ்

புதிதாக வந்திருக்கும் நாலு பேருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமையோடு நான் இந்த நாற்காலியைக் காலி பண்ணுகிறேன். இருபத்தெட்டு வயதில் ரிட்டயர்டு ஆகிறவன் அருப்புக்கோட்டையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கனரக லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் போனில் ஓட்டிய மினி பஸ்ஸை இனித் திருச்சுழி ரூட்டில் நிஜமாகவே ஓட்டப் போகிறேன். சாலையில் என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கியே நில்லுங்கள்.

"போறதுக்கு முன்னாடி புதுப் புள்ளைகளுக்கு உருப்படியா எதாச்சும் எழுதி வச்சுட்டுப் போலே" என்றார் நம் முதலாளி செந்தில் அண்ணன். உருப்படியாக என்னிடம் இருப்பது ஒன்றுதான். அது நான் பண்ணிய ஒரு தப்பு.

கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஜாகிரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீரசோழனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். நாம் செய்யும் போன் ஆட்டங்களின் உள்வேலை முழுக்க அவன் தலைக்குள் இருக்கிறது. நான் பத்தாவதில் தோற்றவன். ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். வீட்டில் சாப்பாட்டுக்கும் அதையேதான் செய்வேன். அங்கே அதற்கு மரியாதை கிடையாது.

நம் மினி பஸ் ஆட்டத்தை ஆடியிருப்பீர்கள். அருப்புக்கோட்டையில் கிளம்பி, கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் ஆள் ஏற்றி இறக்குகிற ஆட்டம். மொத்தம் நாற்பது டிரிப்பு. நடுநடுவே சின்னச் சின்ன மினிகேம் வரும்: பஞ்சரான டயரை மாற்றுவது, மேலே மூட்டை அடுக்குவது, நடுரோட்டில் படுத்திருக்கும் எருமையை எழுப்பிவிடுவது. நாற்பதாவது டிரிப்பின் முடிவில் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. ஒரு முட்டுச் சந்துக்குள் பஸ்ஸைப் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நிறுத்த வேண்டும். இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரி அல்ல அப்போது. கண்ணாடி முழுக்க வெறும் புழுதி. பின்னால் நிற்கும் கண்டக்டரின் குரலை மட்டும் நம்பி எடுக்க வேண்டும். "வா..." என்று அவன் இழுத்தால் இடம் நிறைய இருக்கிறது. "வா வா வா" என்று நெருக்கினால் சுவர் நெருங்குகிறது. "ஹோல்டேய்!" என்றால் பிரேக்.

அந்தக் குரல் என்னுடையது. பத்தாவது முடிந்ததும், அதாவது பத்தாவது என்னை முடித்ததும், ரெண்டு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கியவன் நான். நம் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் நூல் கடைக்குப் பின்சந்தில் நின்று பதிவு செய்தோம். நான் கத்திய கத்தில், தெருவில் சும்மா நின்றிருந்த லோடு ஆட்டோக்காரர் யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் எடுத்து, டீக்கடைப் பெஞ்சை இடித்துவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. பெஞ்சில் ஆள் இல்லாததால் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஆட்டம் வெளிவந்த சமயத்தில் ஒரு போட்டி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பது டிரிப்பையும் முதலில் முடிப்பவரின் பெயரை ஆட்டத்தில் வரும் பஸ்ஸின் நெற்றியில் எழுதுவோம் என்றோம். நிஜ மினி பஸ்ஸில் முதலாளி மகள் பெயரை எழுதுவார்கள் இல்லையா, அந்த மாதிரிக் கொட்டை எழுத்தில். விளையாடுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதாவது எல்லோரையும் வம்பிழுப்பது.

செவ்வாய்க்கிழமையே ஒரு பெண் நாற்பதாவது டிரிப்புக்கு வந்துவிட்டாள். பெயர் தனலட்சுமி, சுருக்கமாகத் தனம். ஊர் திருச்சுழிப் பக்கம். மற்றவர்கள் இருபதைக்கூடத் தாண்டவில்லை. குழுவில் எழுதினாள்:

"கடைசி டிரிப்பு. பின்னால எடுக்கும்போது எப்ப நிப்பாட்டணும்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் இடிக்குது."

என் மினிகேமில் குறையா? கை துறுதுறுத்தது.

"கண்டக்டர் தொண்ட கிழியக் கத்துறான்ல தாயி? காது என்ன செவிடா?" என்று தட்டி, பக்கத்தில் மூன்று சிரிப்பு முகங்களையும் வைத்தேன். குழுவே சிரித்தது. விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அவளிடமிருந்து பதில் வந்தது. "ஆமாண்ணே. பிறந்ததுல இருந்து."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சிரிப்பை அழித்தார்கள். என்னுடையது மட்டும் அப்படியே இருந்தது. நேர்மையால் அல்ல, அழிக்கத் தோன்றவில்லை. அதற்குள் அவள் இன்னொன்று அனுப்பினாள்.

"கண்டக்டர்னு ஒருத்தர் இருக்காரா? பஸ்ஸுல டிரைவர் மட்டுந்தான்னு நெனச்சேன்."

முப்பத்தொன்பது டிரிப்பு ஓட்டியவளுக்கு நான் அந்த பஸ்ஸில் இல்லவே இல்லை. டீக்கடைப் பெஞ்சை இடிக்க வைத்த குரல், அவளைப் பொறுத்தவரை வெறும் புழுதி.

"மன்னிச்சிரு தாயி" என்று அனுப்பினேன்.

"மன்னிப்பு வேணாம். கண்டக்டரக் காட்டுங்க."

இந்த இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவள் செவ்வாய்க்கிழமையே ஒரே வரியில் சொல்லிவிட்டாள். நாங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தோம்.

முதலில் எழுதிக் காட்டினோம். கண்டக்டர் சொல்வதையெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டான் ஜாகிர். புதன்கிழமை மதியம் அவள் போனுக்கு மட்டும் அனுப்பி வைத்தோம். செந்தில் அண்ணன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். பஜ்ஜி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"எழுத்தப் படிச்சுக்கிட்டே பஸ் ஓட்டுற டிரைவர எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தால் சரிதான். எழுத்தைப் பார்த்தால் பஸ் போகிற போக்குத் தெரியாது, பஸ்ஸைப் பார்த்தால் எழுத்துத் தெரியாது. அதோடு, நான் இழுத்துச் சொன்ன "வா"வும் பதறிச் சொன்ன "வா"வும் எழுத்தில் ஒரே "வா"தான். பதற்றம் எழுத்துக்குள் ஏறவில்லை.

"போன அதிர விட்டா?" என்றான் ஜாகிர். சுவர் நெருங்க நெருங்க போன் வேகமாக அதிரும். அதையும் அன்று மாலைக்குள் செய்து அனுப்பினான். "என் போனு அதிராது. தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்ததுல இருந்து அந்த மோட்டார் செத்துப்போச்சு" என்றாள். காதை மட்டும் நம்பிக் கெட்டவர்கள் நாங்கள். அடுத்ததாக ஒரு மோட்டாரை மட்டும் நம்பியிருக்கிறோம்.

வியாழக்கிழமை செந்தில் அண்ணன் மேஜையைத் தட்டினார். "ஏலே, இழுத்துக்கிட்டே இருக்காதீக. காது கேக்காதவுகளுக்கு 'தாண்டிப் போ'ன்னு ஒரு பட்டன் வச்சிரு. அமுக்குனா நாப்பதும் முடிஞ்சுச்சு. அந்தப் புள்ள பேர நெத்தில எழுது. ஊரே நம்மளப் புகழும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பட்டனை அனுப்பினோம். அவள் அமுக்கினால் போதும், அவள்தான் முதல். அன்று பூராவும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அமுக்கவில்லை. பதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். முகவரி போட்டிக்குப் பதிந்தபோது அவள் கொடுத்ததுதான். வாரேன் என்று சேதியும் அனுப்பிவிட்டுத்தான் போனேன். ரோட்டிலிருந்து உள்ளே போனால் சீமைக்கருவேலத்துக்கு நடுவே தகரக் கொட்டகை போட்ட வீடு. வாசலில் நுழையும்போதே வழி மறித்துக்கொண்டு ஒரு டிராக்டர். டிரெய்லர் நிறைய மக்காச்சோள மூட்டை. ஓட்டுகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த மூட்டை வண்டியை வேப்பமரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே விட்டு, கொட்டகை வாசலுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுத்திருக்கிறீர்களா? ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும். பெரிய பெரிய டிரைவர்களெல்லாம் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் ஒரே மூச்சில் எடுத்தாள். பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார். தனத்தின் மதினி, ராமலட்சுமி அக்கா என்று பிறகு தெரிந்தது. டிராக்டர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நின்று, ரெண்டு உள்ளங்கைகளையும் அகலமாக விரித்துப் பிடித்திருந்தார். வண்டி வர வர, கைகள் நெருங்கின. இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் கைகளுக்கு நடுவிலும். கடைசியில் ரெண்டும் மூடி முஷ்டியானது. வண்டி நின்றது. சத்தம் போட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. கொட்டகைத் தூணுக்கும் டிரெய்லருக்கும் நடுவே ரெண்டு சாண் இடம் இருந்தது.

நான் பைக்கில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மூன்று நாளாக நாங்கள் மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்ட மினிகேம், இங்கே தினப்படி மூட்டை இறக்குகிற வேலை.

டிராக்டரிலிருந்து தனம் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. நாலு விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, வாத்து வாய் மாதிரி படபடவென்று திறந்து மூடிக் காட்டினாள்.

"என்னக்கா சொல்லுது?" என்று மதினியிடம் கேட்டேன்.

"அது உன் பேரு தம்பி. செவ்வாக்கிழமையே வச்சுட்டா. ஓயாமப் பேசுறவன்னு அர்த்தம். நாங்க வீட்டுல உன்னைய அப்படித்தான் சொல்லிக்கிடுதோம்."

அப்புறம் தனம் போனை எடுத்து எனக்காகத் தட்டினாள். காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். தட்டுகிற வேகம் எனக்கெல்லாம் வராது.

"அந்தப் பட்டன எதுக்குண்ணே அனுப்புனீக? நான் தாண்டிப் போகணும்னா கேட்டேன்? முப்பத்தொன்பது டிரிப்பு நானே ஓட்டுனேன். கடைசி ஒண்ணுக்கு மட்டும் என்னையத் தூக்கி இடுப்புல வச்சுக் கொண்டுபோய் விடுவீகளா? என் பேரு பஸ்ஸுல வந்தா நான் ஓட்டி வரணும்."

நான் மதினி பக்கம் திரும்பினேன்.

"அக்கா, அந்தக் கையக் கொஞ்சம் மறுபடி காட்டுங்க. படம் எடுத்துக்கிடுதேன்."

"என் கைய எதுக்குப் படம் புடிக்க?"

"உங்க கைய எங்க பஸ்ஸுல கண்டக்டரா வேலைக்குச் சேக்கப் போறேன்."

"அப்ப இரு, வளையல் போட்டுட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினார்.

கண்ணாடி வளையல் ரெண்டு டஜனோடு திரும்பி வந்தார். பத்துத் தடவை எடுத்தோம். தனம் என் போனைப் பிடுங்கி, "இது மெதுவா இருக்கு", "இது கோணல்" என்று கையாலேயே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்தாள்.

அப்போதுதான் ஜாகிர் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"ஏலே, யாசின் முப்பத்தொம்பது முடிச்சுட்டான்."

யாசின் வீரசோழன் பையன். ஜாகிருடைய அத்தை மகன். கெட்டிக்காரன். காது நன்றாகக் கேட்கும்.

"இன்னும் கால் மணி நேரத்துல சந்துக்குள்ள வந்துருவான். வந்தா ஒரே எடுப்புல முடிச்சிருவான். என்ன செய்ய?"

கால் மணி நேரம். யாசின் எந்தத் தப்பும் பண்ணவில்லை. நாங்கள் சொன்ன விதிப்படிதான் ஆடுகிறான். அவனை நிறுத்தினால் அவனுக்கு அநியாயம். நிறுத்தாவிட்டால், மூன்று நாளாக எங்கள் புழுதிக்குள் நிற்கிறவளுக்கு அநியாயம். செந்தில் அண்ணனையும் போனில் சேர்த்து, மதினி கை கண்ணாடிக்குள் ஏறும்வரை நாற்பதாவது டிரிப்பை எல்லோருக்கும் பூட்டுவோம் என்றேன்.

"போட்டி நடக்கும்போது நடுவுல பூட்டுனா எல்லாரும் நம்மளக் காறித் துப்புவாக" என்றார் அவர்.

"துப்பட்டும்ணே. சந்துல குறை இருந்தா பஸ்ஸத்தான நிப்பாட்டுவோம்? பாதிப் பேரு போயிட்டாகன்னு மீதிப் பேரச் சுவத்துல இடிக்க விடுவோமா?"

"யாசின் கேட்டா என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்."

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குத் தொறக்கணும். அதுக்குள்ள கை வேல முடியலைன்னா அப்பவும் நான் தொறந்துருவேன்" என்றார் அண்ணன். பூட்டு ஜாகிர் கையில் இருந்தது. சொந்த அத்தை மகன் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்த வேண்டியவன் அவன்தான். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"பூட்டிட்டேன்" என்றான். "அத்த வீட்டுல இனி எனக்குச் சோறு கெடையாது."

நான் அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். 'நாற்பதாவது டிரிப்பைக் காதால் மட்டும் ஓட்டும்படி வைத்தது எங்கள் தப்பு. காது கேட்காதவர்களால் அதை ஆடவே முடியாது. ஞாயிறு நாலு மணிக்கு, கண்ணாலும் ஓட்டும்படி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறப்போம்.' சிரிப்பு முகம் எதுவும் வைக்கவில்லை.

திட்டு வந்தது, நிறைய வந்தது. யாசினிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சாயங்காலம்தான் எழுதினான். "பழைய டிரிப்புகள சத்தமே இல்லாம வச்சு ஆடிப் பாத்தேன். எரும மினிகேம்லயே மூணு தடவ மாட்டிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வாரேன்."

எருமை! அது எழப் போகிறது என்பதும் அதன் கத்தலில்தான் தெரியும். அதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. தனம் அதை எப்படித் தாண்டினாள் என்று கேட்டேன். "அது காது ஆடுறதப் பாத்து" என்றாள்.

சனிக்கிழமை முழுக்க ஜாகிர் கைகளைக் கண்ணாடிக்குள் ஏற்றினான். "புழுதிய எடுத்துரவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். புழுதி இருக்கட்டும், அப்போதுதான் அது ஆட்டம். புழுதிக்குள் கை தெரிந்தால் போதும். காது கேட்கிறவனுக்கு என் குரல், கேட்காதவளுக்கு மதினி கை, யாருக்கும் ஓசி கிடையாது. வளையலை எடுத்துவிடலாமா என்று செந்தில் அண்ணன் கேட்டார். நான் அதற்கு மட்டும் சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் தனம் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவள் டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து போனைப் பிடித்திருந்தாள். அங்கேதான் கை ஓடுமாம். மதினி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் ஜாகிர் பூட்டைத் திறந்தான். அந்த நேரத்துக்குள் நாற்பதாவது டிரிப்புக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பின.

டிரிப்பைப் பறந்து முடித்தாள். சந்து வந்தது. ரிவர்ஸ் போட்டாள். புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து வளையல் போட்ட ரெண்டு கைகள் விரிந்து நின்றன.

"ஏ, என் கை!" என்று மதினி கத்தினார். தனத்துக்குக் கேட்காது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

கைகள் நெருங்கின. இன்னும் நெருங்கின. முஷ்டி மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கை அமுக்கிவிட்டாள். 'ரெண்டு சாண் மிச்சம், மறுபடி எடுக்கவும்' என்றது திரை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ரிவர்ஸ் போட்டாள். கைகள் விரிந்தன, நெருங்கின, மூடின. நின்றது. அரைச் சாண்! டிராக்டரிலிருந்து குதித்து மதினியைத் தூக்கிச் சுற்றினாள். நானும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் டிரெய்லரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஜாகிர் கூப்பிட்டான். "யாசின் முடிச்சுட்டான்லே. தனத்துக்கு நாப்பது செகண்டு முந்தி."

அதை மதினியிடம் சொன்னேன். அவர் கையால் ரெண்டே அசைவில் தனத்திடம் சொன்னார். தனம் டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மொதத் தடவ ஏன் அம்புட்டு முன்னாடியே நிப்பாட்டுன?" என்று தட்டிக் காட்டினேன்.

"கண்ணாடில மதினி நின்னாங்க. நசுக்கிருவேனோன்னு கை தானா பிரேக்குக்குப் போயிருச்சு."

மதினி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவள் முதுகில் ஒன்று வைத்தார். "அடி கூறுகெட்டவளே, நான் இந்தா உன் பக்கத்துலல்ல நிக்கேன்!"

எனக்கு மனசு கேட்கவில்லை. தட்டினேன்: "செவ்வாக்கிழமையே நீதான் ஜெயிச்சிருக்க வேண்டியது தாயி. அண்ணன்கிட்ட பேசி உன் பேரையும் நெத்தில சேத்து எழுதச் சொல்லுதேன்."

அவள் தலையை ஆட்டினாள். என் போனையே வாங்கி, சிரித்துக்கொண்டே அதில் தட்டினாள்.

"வேணாம்ணே. யாசின் பேர மட்டும் எழுதுங்க. இன்னிக்கு நான் ஆடித் தோத்திருக்கேன். செவ்வாக்கிழமை நீங்க என்னைய ஆடவே விடல."